கலப்பைக்குக் கொழு, கருவுக்குச் செம்பு

தாய் ஆடு நல்லாத்தான் இருக்கிறது. மேய்கிறது, அசைபோடுகிறது, மடியில் பாலும் இறங்கியிருக்கிறது. ஈன்ற குட்டியின் உடம்பிலும் காயம் எதுவும் இல்லை. கண் திறந்து பார்க்கிறது, பால் குடிக்க ஆசைப்படுகிறது. ஆனால் எழுந்து நிற்கப் போனால் பின்னங்கால்கள் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. நாலடி நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. சில குட்டிகள் எழுந்திருக்கவே மாட்டா.

தொற்றுநோயா? விஷச்செடியைத் தின்றதா? பரம்பரைக் கோளாறா? மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வடக்கே ஜின்ஜின் என்றொரு ஊர். அந்தப் பகுதி ஆட்டுக்காரர்கள் இந்தக் கேள்விகளோடுதான் 1930-களில் தவித்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜின்ஜின் ரிக்கெட்ஸ்'. இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் இதே மாதிரி நோய்க்கு 'ஸ்வேபேக்' என்று பெயர். முதுகு ஆடுவது என்று பொருள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பாதி உலகம் இருக்கிறது. நோய்க்கு வேர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: குட்டி வயிற்றில் வளர்ந்த நாட்களில் அதற்குப் போதுமான செம்பு கிடைக்கவில்லை.

செம்பு என்றால் நமக்குக் குடமும் மயில்துத்தமும்தான் நினைவுக்கு வரும். கருவில் வளர்கிற உயிருக்கு அதனால் என்ன வேலை?

கொழு இல்லாத கலப்பை

உடம்பில் நடக்கிற எல்லா வேலைகளையும் நடத்திவைப்பவை நொதிகள். தின்றதைச் செரிப்பது, மூச்சுக்காற்றிலிருந்து சக்தி எடுப்பது, எலும்பையும் தோலையும் கட்டுவது எல்லாம் இவற்றின் பொறுப்பு. நொதி என்பது புரதத்தால் ஆனது. ஆனால் பல நொதிகள் வெறும் புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. கூடவே ஒரு சின்னத் துணைப்பொருள் வேண்டும். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகமாக இருக்கலாம்; வைட்டமினிலிருந்து உருவான பொருளாகவும் இருக்கலாம். இதைத் துணைக்காரணி என்பார்கள்.

நம்ம மரக்கலப்பையை நினைச்சுப் பாருங்க. மேழி, ஏர்க்கால், நுகத்தடி எல்லாம் பெரிய பெரிய மரம். ஆனால் மண்ணைக் கிழிப்பது நுனியில் இருக்கிற இரும்புக் கொழு. அது கையளவுதான். அதைக் கழற்றிவிட்டு எவ்வளவு நல்ல மாட்டைப் பூட்டினாலும் உழவு நடக்காது. நொதிக்குத் துணைக்காரணி அந்தக் கொழு மாதிரி.

செம்பைக் கொழுவாக வைத்திருக்கிற நொதிகள் சில உண்டு. கருவளர்ச்சிக்கு அவற்றில் மூன்று மிக முக்கியம்.

முதலாவது, செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். மூளையும் தண்டுவடமும் சக்தியை அதிகமாகத் தின்கிற உறுப்புகள். இந்த நொதி படுத்தால் முதலில் அடிவாங்குவது நரம்புதான்.

இரண்டாவது, லைசில் ஆக்சிடேஸ். கூரை வேயும்போது மூங்கிலையும் கீற்றையும் கயிறு போட்டு இறுக்குகிறோமே, அதுபோல உடம்பின் நார்ப்புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போடுவது இதன் வேலை. முடிச்சு தளர்ந்தால் ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகிவிடும். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் பாய்டு ஓ'டெல் குழு, செம்பு இல்லாத தீவனத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயே வெடித்துப்போவதை 1961-இல் பதிவு செய்தது.

மூன்றாவது, டைரோசினேஸ். தோலுக்கும் ரோமத்துக்கும் கறுப்பு நிறம் கொடுப்பது இது. செம்பு குறைந்தால் கறுப்பு ஆட்டின் ரோமம் வெளுக்கும்.

நரம்பு, நார், நிறம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிலும் மனிதக் குழந்தையிலும் இதே மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஜின்ஜினில் கிடைத்த விடை

மேற்கு ஆஸ்திரேலிய அரசில் கால்நடை நோய்க்குறியியல் நிபுணராக இருந்தவர் ஹரால்டு பென்னெட்ஸ். குட்டிகளின் நரம்புச் சேதத்தைப் பார்த்த அவர் முதலில் காரீய விஷம் என்று சந்தேகித்தார். உடம்பிலிருந்து காரீயத்தை வெளியேற்றுவதற்காகச் சினை ஆடுகளுக்கு அம்மோனியம் குளோரைடு கொடுத்துப் பார்த்தார். குட்டிகள் நன்றாகப் பிறந்தன. ஆனால் குணப்படுத்தியது அம்மோனியம் குளோரைடு இல்லை, அந்தச் சரக்கில் அசுத்தமாகக் கலந்திருந்த கொஞ்சம் செம்பு என்பது பிறகுதான் புரிந்தது.

1937-இல் பென்னெட்ஸும் அவருடன் வேலை செய்த சாப்மனும் இதை வெளியிட்டார்கள். அந்த நிலத்தின் மேய்ச்சலில் செம்பு மிகக் குறைவு: ஒரு கிலோ உலர்ந்த புல்லில் 3 மில்லிகிராமுக்கும் கீழே. செம்மறி ஆட்டுக்குச் சாதாரணமாக 5 முதல் 10 மில்லிகிராம் வேண்டியிருக்கும். மண்ணில் இல்லை, அதனால் புல்லில் இல்லை, அதனால் ஆட்டின் ஈரலில் இல்லை, கடைசியில் குட்டியின் மூளையிலும் இல்லை. சினை ஆட்டுக்குச் செம்பு கொடுத்தால் குட்டிக்கு நோய் வரவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் நிலம் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கறுப்பு ஆடுகள் வெளுத்திருந்தன. கம்பளியின் இயல்பான சுருள் போய், கம்பி மாதிரி நீண்டு பளபளத்தது. கம்பளி வியாபாரிகள் இதை 'எஃகுக் கம்பளி' என்று தள்ளுபடி விலைக்கு வாங்கினார்கள். அதே பகுதியில் மாடுகள் திடீரென்று விழுந்து சாகும் நோயும் இருந்தது. செம்புக் குறைவால் இதயத் தசை நலிந்துபோனதுதான் அதற்கும் காரணம் என்று பென்னெட்ஸ் பின்னால் கண்டறிந்தார்.

தவறவிடக்கூடாத நாட்கள்

நோய் வந்த குட்டிக்குச் செம்பு கொடுத்தால் எழுந்து நடக்குமா? நடக்காது. இந்த விஷயத்திலேயே கசப்பான உண்மை இதுதான்.

செம்மறி ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். மின்கம்பியின் மேல் உறை இருக்கிற மாதிரி நரம்பின் மேலும் ஓர் உறை உண்டு. மயலின் என்று பெயர். குட்டியின் மூளையில் இந்த உறை மும்முரமாகப் படிவது 90-ஆம் நாளை ஒட்டி. தண்டுவடத்தில் படிவது ஈனுவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு. அந்த நாட்களில் செம்பு இருந்தாக வேண்டும். மூளை உருவாகும்போது தட்டுப்பாடு வந்தால் குட்டி பிறக்கும்போதே முடங்கிப் பிறக்கும். மூளையின் வெள்ளைப் பகுதியில் குழிகள்கூட விழுந்திருக்கும். தண்டுவடம் உருவாகும்போது வந்தால் குட்டி நன்றாகப் பிறந்து, சில வாரமோ சில மாதமோ கழித்துப் பின்னங்கால் ஆட ஆரம்பிக்கும். 1959-இல் பிரிட்டனின் ஹோவெல், டேவிசன் இருவரும் இப்படிப்பட்ட குட்டிகளின் மூளையைச் சோதித்தார்கள். செம்பும் குறைந்திருந்தது, முன்பு சொன்ன சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் வேலையும் குறைந்திருந்தது.

நாற்றங்காலில் விட்டதை நடவு வயலில் பிடிக்க முடியாதுன்னு சொல்றோமே, அதுதான் இங்கேயும். பயிருக்காவது ஒரு பக்கக்கிளை வெடிக்கும். உறை இல்லாமல் உருவான நரம்புக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பாலில் செம்பு மிகக் குறைவு. அதனால் கரு தன் ஈரலில் செம்பைச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. பால்குடி நாட்கள் முழுக்க அந்தச் சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும். தாயின் ஈரல் காலியாக இருந்தால் குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது.

புல்லில் இருந்தும் பலன் இல்லை

இங்கேதான் நம் போன்றவர்கள் நிதானமாகக் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. டார்பிஷயர் மேய்ச்சலில் செம்பு குறைவாகவே இல்லை. இருந்தும் குட்டிகள் முடங்கின. எப்படி?

விடைக்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் சோமர்செட் பகுதி. அங்கே 'டீர்ட்' என்று அழைக்கப்பட்ட சில நிலங்களில் மேய்ந்த மாடுகளுக்குத் தீராத கழிச்சல் வரும். பக்கத்து நிலத்துக்கு ஓட்டிவிட்டால் நின்றுவிடும். ஃபெர்குசன் குழு 1938-இல் காரணத்தைக் கண்டது. அந்தப் புல்லில் மாலிப்டினம் என்ற உலோகம் மிகுதி. மருந்து என்ன தெரியுமா? செம்பு சல்பேட், அதாவது நம்ம மயில்துத்தம்.

மாலிப்டினமும் கெட்டதில்லை. பயறுவகைகளின் வேர்முடிச்சில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறதே, அந்த நொதிக்கு மாலிப்டினமும் ஒரு கொழு. ஆனால் அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகின்றன. அது செம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாமல் சாணத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இந்த மூன்றின் உறவை ஆடுகளில் பிரித்துக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஏ.டி. டிக். மண்ணைத் தின்னும் பழக்கமும், தீவனத்தில் மிகுதியான இரும்பும்கூடச் செம்பை ஏறவிடாமல் தடுக்கும்.

ஸ்காட்லாந்து மலைகளில் நடந்தது இன்னும் பெரிய பாடம். புளிப்பு மண்ணாகக் கிடந்த மலைமேய்ச்சலுக்குச் சுண்ணாம்பு போட்டு, புதுப் புல் விதைத்து 'மேம்படுத்தினார்கள்'. புல் செழித்தது, ஆட்டின் எண்ணிக்கை கூடியது. கூடவே ஸ்வேபேக்கும் வந்தது. சுண்ணாம்பு போட்டால் மண்ணின் கார அமில நிலை உயரும், உயர்ந்தால் புல் மாலிப்டினத்தை அதிகமாக உறிஞ்சும், செம்பு கட்டுண்டுவிடும். மண்ணில் செம்பின் அளவு மாறவே இல்லை. குட்டிக்குப் போய்ச்சேரும் வழிதான் அடைபட்டது.

இயற்கை உழவர்களான நமக்கும் இதில் ஒரு சேதி உண்டு. கரிமப்பொருள் செம்பை இறுகப் பிடித்துவைக்கும். அளவோடு இருந்தால் அது நல்லது, மழையில் கரைந்துபோகாது. ஆனால் முழுக்க மக்கிய தாவரத்தாலேயே ஆன கரிச்சதுப்பு நிலங்கள் உலகெங்கும் செம்புக் குறைவுக்குப் பேர்போனவை. 'தொழுவுரம் போட்டாச்சு, இனி எந்தச் சத்தும் குறையாது' என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மண்ணையும் பார்க்கணும், தீவனத்தையும் பார்க்கணும், ஆட்டையும் பார்க்கணும்.

கம்பளியை நினைத்த குழந்தை மருத்துவர்

இனி மனிதக் குழந்தைக்கு வருவோம்.

1962-இல் நியூயார்க்கில் ஜான் மெங்கெஸ் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறந்தபோது நன்றாக இருந்தவர்கள். சில வாரங்களிலேயே உடம்பு துவண்டு, வலிப்பு வந்து, வளர்ச்சி நின்று, சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். தலைமுடி மட்டும் விசித்திரமாக இருந்தது: வெளுத்து, முறுக்கி, தொட்டால் ஒடிகிற மாதிரி. பத்து வருடம் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

1972-இல் மெல்போர்னின் குழந்தை மருத்துவர் டேவிட் டேங்க்ஸ் முன்னால் இதே நோய்க் குழந்தைகள் வந்தார்கள். அவர் ஆஸ்திரேலியர். செம்புக் குறைந்த ஆட்டின் எஃகுக் கம்பளியைப் பற்றி அந்த நாட்டு ஆய்வாளர்கள் எழுதியதெல்லாம் அவருக்குத் தெரியும். குழந்தையின் முடியைப் பார்த்ததும் அவர் மனதில் வந்தது அந்தக் கம்பளிதான். ரத்தத்தில் செம்பை அளந்தார். மிக மிகக் குறைவு. நோயின் புதிர் அங்கேதான் அவிழ்ந்தது. பட்டிக்காட்டு ஆட்டின் ரோமம் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டியது.

அந்தக் குழந்தைகளின் உணவில் செம்பு இல்லாமல் இல்லை. குடலின் செல்கள் செம்பை உள்ளே வாங்கிவிடுகின்றன. அங்கிருந்து ரத்தத்துக்கு அனுப்பும் வாசல் பழுது. களஞ்சியம் நிரம்பிக் கிடக்கிறது, கதவு திறக்கவில்லை. அந்த வாசலுக்கான மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது; ஏ.டி.பி.7ஏ என்று பெயர். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே நோய் வருகிறது. அறிகுறிகளைப் பாருங்கள்: நரம்பு கெடுகிறது, ரத்தக்குழாய்கள் வலுவிழந்து நெளிகின்றன, முடி வெளுக்கிறது. அதே நரம்பு, நார், நிறம்.

கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் வரிக்குதிரை மீனின் கருவில் இதை நேரிலேயே பார்க்கலாம். இதே மரபணு பழுதான மீன்கருவை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் விவரித்தார்கள். அதன் உடலில் கறுப்பு நிறம் இல்லை. முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு நேராக இல்லாமல் நெளிந்திருந்தது.

மெங்கெஸ் நோய்க்கு, செம்பை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள். குடல் வாசலைச் சுற்றிக்கொண்டு போகிற வழி அது. பிறந்த முதல் சில வாரத்துக்குள் தொடங்கினால் சில குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. வலிப்பு வந்தபிறகு தொடங்கினால் பலன் மிகக் குறைவு. ஆட்டுக்குட்டிக்குச் சொன்ன அதே நாள் கணக்கு.

கூடினாலும் ஆபத்துதான்

இதையெல்லாம் படித்துவிட்டு, நாளைக்கே தொட்டித் தண்ணீரில் மயில்துத்தம் கலக்கக் கிளம்பிடாதீங்க. செம்பு விஷயத்தில் மிகவும் எளிதில் விஷமேறும் கால்நடை செம்மறி ஆடுதான். மிகுதியான செம்பை வெளியேற்றும் திறன் அதற்குக் குறைவு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் நீண்ட தூர ஓட்டம், தீவன மாற்றம் என்று ஏதாவது நெருக்கடி வந்தால் எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் செம்மறித் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் செம்பு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தேவைக்கும் விஷத்துக்கும் நடுவே எவ்வளவு சின்ன வரப்பு பாருங்கள்!

இனத்துக்கு இனமும் இது மாறும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே என்ற தீவில் 1832-இல் கட்டிய கல்மதில் ஒன்று ஆடுகளைக் கடற்கரையிலேயே நிறுத்தியது. ஆண்டின் பெரும்பகுதி அவற்றுக்கு உணவு கடற்பாசிதான். பாசியில் கிடைக்கிற கொஞ்சம் செம்பையும் விடாமல் உறிஞ்சும் திறன் அந்த இனத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆட்டை உள்நாட்டின் சாதாரணப் புல்லில் மேயவிட்டால் அதற்கே விஷமேறும். மற்ற ஆட்டுக்கு உணவு, இதற்கு நஞ்சு. உள்ளூர் இனத்தை உள்ளூர் மண்ணோடு சேர்த்துத்தான் பார்க்கணும்னு நம்ம பெரியவங்க சொல்றது வெறும் பேச்சில்லை.

மனிதரிலும் மிகுதியின் கதை உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளின் ஈரலைச் சுருக்கிக் கொல்லும் நோய் ஒன்று இருந்தது. ஈரலில் செம்பு குவிந்து கிடந்தது. 1980-களில் புனே மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானரும் குழந்தைகளுக்குக் கொடுத்த பாலைப் பின்தொடர்ந்தார்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பால் முக்கியக் காரணமாக நின்றது. பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள், நோய் அருகிப்போனது. கைக்குழந்தைக்கான பாலை ஈயம் பூசாத பித்தளையில் வைக்காதீர்கள். பழமை என்பதற்காக இதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.

நம்ம பட்டியில் என்ன செய்யலாம்?

குட்டியின் பின்னங்கால் ஆடுவதற்குச் செம்பு மட்டுமே காரணம் இல்லை. மூட்டுவீக்கம், தண்டுவட அடி, கிருமித்தொற்று எதுவாகவும் இருக்கலாம். அதனால்:

• ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் இப்படிப் பிறந்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீங்க. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. இறந்த குட்டியைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை கேளுங்க. மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. ஈரலில் செம்பை அளந்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

• கறுப்பு ஆடு பழுப்பாக வெளுக்கிறதா, மாட்டுக்குக் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி வெள்ளை வளையம் விழுகிறதா என்று கவனித்து வைங்க. இது முடிவு இல்லை, சோதனை செய்யச் சொல்லும் அறிகுறி.

• கிடாய் சேர்த்த தேதியைக் குறிச்சு வைங்க. சினையின் நடுப்பகுதிக்கு முன்பே குறை தெரிந்தால்தான் சரிசெய்யப் பயன்படும்.

• மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் தயாரித்த தாது உப்புக் கலவையையோ தீவனத்தையோ செம்மறிக்குக் கொடுக்காதீங்க. செம்மறிக்கென்று தயாரித்ததைக் கேட்டு வாங்குங்க. கோழி எருவிலும் தீவனத்திலிருந்து வந்த செம்பு இருக்கலாம். அதை ஆட்டுக்குத் தீவனமாகக் கலக்க வேண்டாம்.

• போர்டோ கலவை தெளித்த தோட்டத்தில் உடனே ஆடு மேய்க்காதீங்க. இலையிலும் புல்லிலும் ஒட்டியிருப்பது அத்தனையும் செம்பு. வருடாவருடம் தெளித்தால் மண்ணிலும் சேர்ந்துகொண்டே போகும்.

• ஒரே பசும்புல்லில் கட்டிப்போடாமல் பலவகை மேய்ச்சல் கொடுங்க. புல்லைவிடப் பயறுவகைத் தீவனத்தில் பொதுவாகச் செம்பு அதிகம். இளம்பச்சைப் புல்லைவிட உலர்ந்த புல்லில் இருக்கும் செம்பு ஆட்டின் உடம்பில் நன்றாக ஏறுகிறது.

• சுண்ணாம்பு போடும் முன் மண் பரிசோதனை. தேவைக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்து மலை காட்டிவிட்டது.

ஜின்ஜின் ஆட்டுக்காரர்களுக்கு இந்த விவரம் எதுவும் கையில் இல்லை. குட்டிகள் வரிசையாகச் செத்தபிறகுதான் காரணம் தெரிந்தது. நமக்கு அது எழுதிவைத்த பாடமாகவே கிடைத்திருக்கிறது. அடுத்த ஈற்றுக்குக் கிடாய் சேர்க்கும் முன்பே தீவனத்தையும் மேய்ச்சலையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்க. குட்டி விழுந்தபின் பார்க்கிற வைத்தியத்தைவிட அதற்குச் செலவு குறைவு.